இனிப்புக் குளிசையும் காப்புக் குளிசையும்

அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். நீண்ட காலமாக நீரிழிவு நோயுடன் வாழ்பவர். அவருடைய பையில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்று, தேநீருக்குள் போடுகின்ற இனிப்புக் குளிசை. மற்றையது, பொன்னிறத்தில் மினுங்கும் விட்டமின் ஈ குளிசை. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: “தம்பி, இந்த இனிப்புக் குளிசை ஈரலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்குமாம். அதைத் தடுக்க மற்றதை எடுக்க வேணுமாம். எலியளில் பரிசோதிச்சுக் கண்டிருக்கினமாம். பத்திரிகைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. இது உண்மைதானோ?”

“இப்ப என்ன செய்யிறியள் மாஸ்ரர்?” என்று கேட்டோம். பயத்தில் இனிப்புக் குளிசையை நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகின்றனவாம். தேநீருக்குப் பனங்கட்டியைக் கடிக்கிறாராம். அது இயற்கையானதுதானே என்றார். பழைய பழுதைச் சரிசெய்ய விட்டமின் குளிசையை மட்டும் தொடர்கிறாராம். ஓய்வூதியத்தில் ஒரு நல்ல பங்கு அதற்கே போகிறதாம். கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனையில் சீனியின் அளவு முன்னர் ஒருபோதும் இல்லாதவாறு ஏறியிருந்ததாம்.

மாஸ்ரரின் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. குடாநாட்டின் பல வீடுகளில் இன்று இதே இரண்டு போத்தல்களும் சாப்பாட்டு மேசையில் அருகருகே நிற்கின்றன. ஒன்று தரும் பயத்தை மற்றது போக்கும் என்ற நம்பிக்கை பரவி வருகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ஆய்வுகள் பொய்யல்ல. அவை நடந்தவைதான். ஆனால், அந்த ஆய்வுகள் சொன்னது ஒன்று. நாம் விளங்கிக்கொண்டது வேறொன்று. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தற்செயலாய் வந்த இனிப்புகள்

செயற்கை இனிப்பூட்டிகள் பல திட்டமிட்டுத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவையல்ல. 1879 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பால்பேர்க் என்ற இரசாயனவியலாளர், கையைச் சரியாகக் கழுவாமல் உணவுண்ண அமர்ந்தபோது பாண் இனித்தது. அதுவே சக்கரின். 1965 இல் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர், காகிதம் ஒன்றை எடுக்க விரலை நக்கியபோது உணர்ந்த இனிப்பே அஸ்பாட்டேம். 1976 இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த இந்தியரான சசிகாந்த் பட்னிஸ், ஒரு பொருளைப் ‘பரிசோதித்துப் பார்’ என்று ஆங்கிலத்தில் சொல்லப்பட்டதைச் ‘சுவைத்துப் பார்’ என விளங்கிக்கொண்டு நாவில் வைத்ததால் கிடைத்தது சுக்ரலோஸ்.

சீனியோடு ஒப்பிடுகையில் அஸ்பாட்டேம் ஏறத்தாழ 200 மடங்கும், சக்கரின் ஏறத்தாழ 300 மடங்கும், சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கும் இனிப்பானவை. ஆகையால் ஒரு துளியளவே போதும். அந்தத் துளி இரத்தத்தில் சீனியை ஏற்றுவதில்லை. நீரிழிவாளருக்கு இவை வரப்பிரசாதமாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

எமது நாட்டில் அந்தத் தேவை சிறியதல்ல. 2005-2006 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட பாரிய நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவாளர் எனக் கண்டறிந்தது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே நடத்தப்பட்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் அடங்கவில்லை. நோயைக் கணக்கெடுப்பதற்குக் கூட வழியில்லாதிருந்த காலம் அது. பின்னர் 2018-2019 இல் நடந்த தேசிய ஆய்வில், வளர்ந்தோரில் ஐவருக்கு ஒருவர் என்ற எல்லையையும் நீரிழிவு தாண்டிவிட்டது தெரியவந்தது.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எனச் சீனியின் அளவைக் காட்டும் வர்ண அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. 2017 நவம்பரில் சீனியின் அளவுக்கேற்ற வரியும் வந்தது. சிவப்பு அடையாளத்தையும் வரியையும் தவிர்க்க உற்பத்தியாளருக்கு இருக்கும் எளிய வழி, சீனியைக் குறைத்து அந்த இடத்தில் இனிப்பூட்டியைச் சேர்ப்பதாகும். ஆகவே, நீரிழிவு இல்லாதவரும், பள்ளிப் பிள்ளையும் கூட இன்று தம்மையறியாமலே இனிப்பூட்டியை அருந்தக்கூடும். எனவே இது நோயாளரின் கேள்வி மாத்திரமன்று.

எலிகள் சொன்ன செய்தி

உடலுக்குள் சென்ற அஸ்பாட்டேம் மூன்று பொருள்களாகப் பிரிகிறது. ஏறத்தாழ அரைப்பங்கு பீனைல் அலனின், பத்தில் நான்கு பங்கு அஸ்பாட்டிக் அமிலம். இவ்விரண்டும் பருப்பிலும் மீனிலும் பாலிலும் நாம் நாள்தோறும் உண்ணும் அமினோ அமிலங்களே. எஞ்சிய பத்திலொரு பங்குதான் மெதனோல்.

மெதனோல் என்றதும் கசிப்புக் குடித்துக் கண்பார்வை இழந்தவர்களின் கதைகள் நினைவுக்கு வரும். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது; ஆனால் அளவு வேறு. தக்காளிச் சாற்றிலும் பழச்சாறுகளிலும் மெதனோல் இயற்கையாகவே உண்டு. அஸ்பாட்டேம் கலந்த பானம் ஒரு குவளை தருவதைவிடக் கூடுதலான மெதனோலை ஒரு குவளை தக்காளிச் சாறு தந்துவிடும். சிறு அளவை ஈரல் இலகுவாகக் கையாண்டு வெளியேற்றிவிடுகிறது.

ஆயினும், நாள்தோறும் நீண்ட காலம் எடுத்தால் என்னவாகும் என்ற கேள்வி நியாயமானதே. அந்தக் கேள்வியை எமது தமிழ் மண்ணிலேயே எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இயங்கும் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவகத்தைச் சேர்ந்த ஐ. அசோக், ஆர். ஷீலாதேவி ஆகியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மில்லிகிராம் வீதம் 90 நாள்கள் எலிகளுக்கு அவர்கள் அஸ்பாட்டேம் கொடுத்தனர். எலிகளின் மூளையில் ஒட்சியேற்ற நெருக்கடி ஏற்பட்டது, கலங்கள் மடிந்தன. அதே குழுவினரின் பிற்பட்ட ஆய்வுகள் ஈரலிலும் இவ்வாறான மாற்றங்களைக் காட்டின.

ஒட்சியேற்ற நெருக்கடி என்றால் என்ன? கத்தரிக்காயை வெட்டி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடுகிறது. வாழைப்பூவும் அப்படியே. ஆகவேதான் எமது பெண்கள் வெட்டியவுடன் தண்ணீரில் போடுவார்கள். சிலர் அதில் தேசிக்காய்ப் புளியும் விடுவார்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் வெட்டுமுகத்தோடு தாக்கம் புரிவதே அந்தக் கறுப்பு. தேசிக்காயின் புளிப்பும் அதிலுள்ள விட்டமின் சீயும் அதைத் தடுக்கின்றன.

எமது உடலிலும் ஒவ்வொரு கலமும் ஒட்சிசனைக் கொண்டே சக்தியைப் பெறுகிறது. அடுப்பெரித்தால் தீப்பொறி பறப்பதுபோல, அந்த வேலையின்போது சுயாதீன மூலிகங்கள் என்ற நிலையற்ற துணிக்கைகள் தோன்றுகின்றன. அவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்கக்கூடியவை. அவற்றை அணைக்க உடலே குளுட்டத்தையோன் முதலான காவலர்களை வைத்திருக்கிறது. விட்டமின் சீ, விட்டமின் ஈ போன்றவை உணவிலிருந்து வந்து சேரும் துணைக் காவலர்கள். இவற்றையே ஒட்சியேற்றத் தடுப்பிகள் என்கிறோம். பொறிகள் பெருகிக் காவலர்கள் குறையும் நிலையே ஒட்சியேற்ற நெருக்கடி.

இந்த விளக்கம் கிடைத்தவுடன் அடுத்த கேள்வி தானாகவே எழும். காவலர்களை வெளியிலிருந்து அனுப்பினால் பழுதைத் தடுக்கலாமா? பிரேசிலின் சாந்தா மரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் இதைச் சோதித்தனர். அஸ்பாட்டேம் நீண்ட நாள்கள் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு, உடலில் குளுட்டத்தையோனை உருவாக்க உதவும் என்-அசற்றைல்சிஸ்ரீன் என்ற மருந்தையும் கொடுத்தனர். எலிகளின் மூளையில் ஏற்பட்ட பாதிப்புக் குறைந்தது. எகிப்திலும் வேறு நாடுகளிலும் விட்டமின்களையும் மூலிகைச் சாறுகளையும் கொண்டு இத்தகைய ஆய்வுகள் பல நடந்துள்ளன. பெரும்பாலும் முடிவு ஒன்றே: எலியின் உறுப்புகள் ஓரளவு காக்கப்பட்டன.

மாஸ்ரரின் காதுக்கு எட்டியது இந்தச் செய்திதான். இதில் பொய்யில்லை. ஆனால் எலிக்கும் மாஸ்ரருக்கும் இடையில் மூன்று ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

கடக்க வேண்டிய ஆறுகள்

முதலாவது, அளவு. எலிகளுக்குக் கொடுக்கப்பட்ட விகிதத்தை 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அப்படியே பொருத்தினால், நாளொன்றுக்கு 2400 மில்லிகிராம் ஆகும். தேநீருக்குப் போடும் சிறு குளிசை ஒன்றில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் அஸ்பாட்டேம் இருக்கிறது என்று கொண்டால், அது 120 குளிசைகள்! எலியின் உடல் மனித உடலைவிட வேகமாக இயங்குவது என்பதால், அளவை அப்படியே பொருத்தாமல் மாற்றிக் கணிப்பதே முறை. அவ்வாறு ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக் கணித்தாலும் நாளொன்றுக்கு 20 குளிசைகள் ஆகின்றன. காலையில் ஒன்றும் மாலையில் இரண்டும் போடுபவரின் நிலை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

இரண்டாவது, எலியின் உடல். எலிகள் மெதனோலை மனிதரைவிட விரைவாக வெளியேற்றிவிடும். ஆகவே மனித உடலின் நிலையைப் பாவனை செய்வதற்காக, போலேற் விட்டமின் எலிகளுக்குக் குறையும்படி சென்னை ஆய்வாளர்கள் ஒரு மருந்தைக் கொடுத்திருந்தனர். அது ஆய்வுக்கு நியாயமான ஏற்பாடே. ஆனால் அது எலியையும் சாதாரண எலியாக விடவில்லை. சாதாரண மனிதராகவும் ஆக்கவில்லை.

எலியின் சாட்சியத்தை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதினால் என்ன நேரும் என்பதற்குச் சக்கரின் ஒரு பாடம். 1970 களில் பெருமளவு சக்கரின் உண்ட எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் ஏற்பட்டது. 1977 இல் கனடா அதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகம் அச்சிடப்பட்டது. பின்னர்தான் காரணம் தெரிந்தது. ஆண் எலியின் சிறுநீரில் சக்கரின் சேரும்போது நுண்ணிய பளிங்குகள் உருவாகிச் சிறுநீர்ப்பையை உராய்ந்து புண்ணாக்குகின்றன. மனிதரின் சிறுநீரில் அது நிகழ்வதில்லை. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கா, புற்றுநோய் ஏற்படுத்தக்கூடியவை என்ற பட்டியலிலிருந்து சக்கரினை நீக்கியது.

மூன்றாவது ஆறே மிக ஆழமானது. ஆய்வாளர்கள் ஒட்சியேற்றத் தடுப்பியை எலிக்குக் கொடுப்பது, அதைக் கடையில் விற்பதற்கு அல்ல. பூட்டின் உள்ளமைப்பை அறிய ஒரு திறப்பைப் போட்டுப் பார்ப்பது போன்றது அது. தடுப்பியைக் கொடுத்ததும் பாதிப்புக் குறைந்தால், பாதிப்பு ஒட்சியேற்றத்தின் வழியாகத்தான் வந்தது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். அது பொறிமுறை பற்றிய அறிவு. அதை ‘இந்தக் குளிசையை உண்டால் உமது ஈரல் பாதுகாக்கப்படும்’ என்று மொழிபெயர்ப்பது விளம்பரக்காரரின் வேலை, விஞ்ஞானியின் வேலையன்று.

மனிதரில் பரிசோதித்தபோது

ஒட்சியேற்றத் தடுப்பிகளை மனிதரில் பரிசோதிக்கவே இல்லையா? பரிசோதித்திருக்கிறார்கள். இலட்சக்கணக்கானோரில், பல ஆண்டுகள். அவற்றின் முடிவு எவரும் எதிர்பாராதது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடையே நடந்த ஆய்வின் பெறுபேறு 1994 இல் வெளியானது. கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரோட்டினைக் குளிசையாக உண்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். அது 18 வீதம் கூடியது! அமெரிக்காவில் 18,314 பேரிடையே நடந்த அதேவகை ஆய்வில் புற்றுநோய் 28 வீதம் கூடவே, 1996 இல் அது இடைநடுவில் நிறுத்தப்பட்டது.

எம்மவர்க்கு நெருக்கமானது பிரித்தானியாவில் நடந்த இதயப் பாதுகாப்பு ஆய்வு. 20,536 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் நீரிழிவாளர் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர். ஐந்து ஆண்டுகள் அவர்களில் ஒரு பாதியினருக்கு விட்டமின் ஈ, விட்டமின் சீ, பீற்றா கரோட்டின் மூன்றும் நாள்தோறும் கொடுக்கப்பட்டன. 2002 இல் முடிவு வந்தது. மாரடைப்போ, பாரிசவாதமோ, புற்றுநோயோ, மரணமோ எதுவும் குறையவில்லை.

விட்டமின் ஈ பற்றித் தனியாகவே ஒரு பரிசோதனை உண்டு. வட அமெரிக்காவில் 35,533 ஆண்களிடையே நடந்த அந்த ஆய்வில், விட்டமின் ஈ உண்டோருக்குப் புரஸ்தா சுரப்பிப் புற்றுநோய் 17 வீதம் கூடியிருந்தது 2011 இல் தெரியவந்தது. கொக்ரேன் அமைப்பினர் 2012 இல் 78 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். 296,707 பேரின் தரவுகள் சொன்னது இதுதான்: இத்தகைய குளிசைகள் ஆயுளைக் கூட்டவில்லை, பீற்றா கரோட்டினும் விட்டமின் ஈயும் மரணத்தைச் சற்றுக் கூட்டுவதாகவே தெரிகிறது.

ஏன் இப்படி? சுயாதீன மூலிகங்கள் முற்றிலும் பகைவர்கள் அல்லர். கிருமிகளைக் கொல்வதற்கு வெண்குருதிக் கலங்கள் அவற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. கலங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கும் அவை தேவை. எரிகின்ற வீட்டை அணைக்கத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக, சமையல் நடக்கும் அடுப்பின் மேலும் தண்ணீரை ஊற்றலாமா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இனிப்பூட்டிக்கு எவ்வளவு பொருந்துமோ, அதன் எதிர்மருந்தாகச் சொல்லப்படுவதற்கும் அவ்வளவு பொருந்தும்.

இவ்விடத்தில் ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஒட்சியேற்றத் தடுப்பி உறுப்பைக் காப்பது வெறும் கற்பனையல்ல. பிரேசில் எலிகளுக்குக் கொடுக்கப்பட்ட அதே என்-அசற்றைல்சிஸ்ரீன், பரசிற்றமோல் அளவுக்கு மிஞ்சி உடலில் சேர்ந்தவர்களின் ஈரலைக் காப்பதற்காக வைத்தியசாலைகளில் பயன்படுத்தப்படுகிறது. பரசிற்றமோல் நஞ்சாகும்போது ஈரலின் குளுட்டத்தையோன் தீர்ந்துபோகிறது. மருந்து அதை மீள நிரப்புகிறது. எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அங்கே நஞ்சு எது, அளவு எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்பன திட்டமாகத் தெரியும். வைத்தியரும் அருகில் இருப்பார். ‘எதற்கும் ஒன்றைப் போட்டு வைப்போம்’ என்று வீட்டில் விழுங்குவது அவ்வகையைச் சேர்ந்ததன்று.

உலக நிறுவனத்தின் நிலைப்பாடு

2023 இல் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. இரண்டும் குழப்பத்தைத் தந்தன. ஆகவே பிரித்து விளங்கிக்கொள்வது நல்லது.

அவ்வாண்டு மே மாதம், உடல் நிறையைக் குறைப்பதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என அந்நிறுவனம் ஆலோசனை கூறியது. நீண்ட காலத்தில் நிறை குறைவதற்கு ஆதாரம் இல்லை என்பதே காரணம். ஆனால் அந்த ஆலோசனை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குரியது அன்று என்பதையும் அது தெளிவாகச் சொல்லியது. எமது ஊரில் தலைப்பு மட்டும் பரவியது. இந்தப் பின்குறிப்புப் பரவவில்லை.

ஜூலையில், புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் அஸ்பாட்டேமைப் ‘புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற பிரிவில் சேர்த்தது. ஆதாரம் மட்டுப்பட்டது, மேலும் ஆய்வு தேவை என்பதே அதன் பொருள். அதே நாளில், உணவுச் சேர்மானங்கள் பற்றிய நிபுணர் குழு, ஒரு நாளில் கிலோ ஒன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை மாற்றத் தேவையில்லை என அறிவித்தது. 70 கிலோ நிறையுள்ளவர் அந்த எல்லையைத் தாண்டுவதற்கு, ஒரு நாளில் 9 முதல் 14 வரையான தகர அடைப்பு மென்பானங்களைக் குடிக்க வேண்டியிருக்கும்.

ஆக, கேள்விகள் யாவும் முடிந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. குழந்தைகள் ஆயுள் முழுவதும் உண்டால் என்ன, குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு என்ன நேரும் என்பன ஆராயப்பட்டு வருகின்றன. நீரிழிவு இல்லாதவருக்கும் பிள்ளைகளுக்கும் இனிப்பூட்டி தேவையே இல்லை. பீனைல்கீற்றோனூரியா என்ற அரிதான பிறவி நோய் உள்ளோர் அஸ்பாட்டேமைத் தொடவே கூடாது. ஆனால் நீரிழிவு உள்ள ஒருவர் இனிப்பூட்டிக்குப் பயந்து சீனிக்குத் திரும்புவது, நிழலுக்குப் பயந்து நெருப்பில் இறங்குவதாகும். கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் நீரிழிவாளரிடமிருந்து பறிப்பது கட்டுப்பாடிழந்த சீனி. அதற்கு ஐயமற்ற ஆதாரம் உண்டு. மாதந்தோறும் நீரிழிவுச் சிகிச்சைக்கு வரிசையில் நிற்பவர்களைக் கண்டவர்களுக்கு எந்த எலியின் சாட்சியமும் தேவையில்லை.

போத்தலின் உள்ளே என்ன?

காப்புக் குளிசையை வாங்குமுன் யோசிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் மருந்தை உட்கொள்ளும் இருதய நோயாளர் கூடிய அளவு விட்டமின் ஈ எடுத்தால் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். கூடிய அளவு விட்டமின் சீ சிலருக்குச் சிறுநீரகக் கல்லைத் தரும். சிறுநீரகத்தைக் காப்பதற்காக வாங்கியதே அதற்குச் சுமையாகிவிடலாம்.

மற்றொன்று, மார்க்கத்தையும் சமயத்தையும் பேணி வாழ்வோர் கவனிக்க வேண்டியது. பொன்னிறத்தில் மினுங்கும் மென்குளிசைகளின் உறை பெரும்பாலும் ஜெலற்றினால் ஆனது. அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. எந்த விலங்கினது என்பது போத்தலில் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஹலால் பேணும் முஸ்லிம் சகோதரரும், மரக்கறி உணவைக் கைக்கொள்ளும் சைவரும் அறியாமலே விழுங்கிக்கொண்டிருக்கும் பொருள் இது. வைத்தியர் அவசியம் என எழுதித் தந்த மருந்தாயின் அது வேறு. அவசியமே இல்லாத ஒன்றுக்காக இந்த ஐயத்தை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் வரம்புக்குள் மருந்து மாத்திரமன்றி, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருள்களும் வருகின்றன. ‘ஈரலைக் காக்கும்’, ‘சிறுநீரகத்தைச் சுத்தமாக்கும்’ என்ற வாசகங்களோடு விற்கப்படும் போத்தல்கள் எந்த ஆதாரத்தில் அவ்வாறு சொல்கின்றன என்று கேட்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. இனிப்பூட்டி கலந்த பானத்தில் அதன் பெயரும் அளவும் தமிழில் தெளிவாக வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்பது எமது உரிமை.

வேலியில் இருக்கும் காவலர்கள்

இப்படியானால் ஒட்சியேற்றத் தடுப்பிகளே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் அவை குளிசையில் அல்ல, கறிச்சட்டியில் இருக்க வேண்டும். குளிசையாகத் தோற்ற அதே பொருள்கள் உணவாக வரும்போது நன்மையே செய்கின்றன. காய்கனிகளை நிறைய உண்போருக்கு இதய நோய் குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. உணவில் அவை தனியே வருவதில்லை. நாரோடும் உப்புகளோடும் நூற்றுக்கணக்கான பிற பொருள்களோடும் இயற்கையான அளவில் வருகின்றன.

குடாநாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. வேலியோரத்து முருங்கையிலை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, நெல்லி, கொய்யா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தோடம்பழத்தைவிடக் கொய்யாவில் விட்டமின் சீ பல மடங்கு அதிகம். பனம்பழத்தின் செம்மஞ்சள் நிறமே கரோட்டின்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிர்இரசாயனவியல் துறையினர் பிட்டு, இடியப்பம் போன்ற எமது காலை உணவுகளும் கறிகளும் பழங்களும் இரத்தத்தில் சீனியை எவ்வளவு ஏற்றுகின்றன என்று அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் போத்தலின் விளம்பரத்தை வாசிக்கும் நாம் எமது பல்கலைக்கழகத்தின் ஆய்வை வாசிப்பதில்லை.

ஆனால் ‘இயற்கை’ என்ற சொல்லிலும் மயங்கிவிடக் கூடாது. பனங்கட்டியில் தாதுப்புகள் சிறிது உண்டு. எனினும் அதன் பெரும்பகுதி சீனியே. நீரிழிவாளரின் இரத்தத்துக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது. சீனியை மட்டுமே தெரியும். பேரீச்சம்பழமும் அவ்வாறே. நோன்பு திறக்கும் வேளையில் ஓரிரு பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதுமானவை. அதன்மேல் சர்பத்தும் வட்டிலப்பமும் சேரும்போதுதான் இடர் தொடங்குகிறது. நீரிழிவுள்ளோர் நோன்பு நோற்க முன்னர் மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது அவசியம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரத் தட்டோடு வீடு வீடாகச் செல்பவர்களும் வாங்குபவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

அஸ்பாட்டேம் பாவிப்போருக்கு ஒரு சிறு குறிப்பு. அது கொதியைத் தாங்காது. அடுப்பில் கொதிக்கும் பாயாசத்தில் போட்டால் சிதைந்து இனிப்புப் போய்விடும். இனிக்கவில்லையே என்று மேலும் மேலும் போட நேரும். இறக்கி ஆறிய பின்பே சேர்க்க வேண்டும். எல்லாவற்றிலும் நல்ல வழி, நாவைப் பழக்குவது. இரண்டு கரண்டி போட்டவர் ஒன்றாக்கி, ஒன்றை அரையாக்கி, சில வாரங்களில் இனிப்பில்லாத தேநீரை விரும்பத் தொடங்கிவிடுவது பலருடைய அனுபவம்.

மாஸ்ரருக்கு நாம் சொன்னதையே முடிவாகச் சொல்கிறோம். பொன்னிறப் போத்தலுக்குக் கொடுக்கும் பணத்தை மரக்கறிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் கொடுங்கள். பனங்கட்டியை நிறுத்துங்கள். இனிப்பில்லாமல் தேநீர் இறங்காது என்றால், நாளுக்கு ஓரிரு இனிப்புக் குளிசையால் வானம் இடிந்துவிடாது. எந்த மாற்றத்தையும் உங்கள் வைத்தியரிடம் சொல்லிச் செய்யுங்கள். ஒரு குளிசையின் பயத்துக்கு இன்னொரு குளிசை மருந்தாகாது.

மாஸ்ரர் இரண்டு போத்தல்களையும் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி, “அப்ப, எலிக்குத்தான் தம்பி அந்தக் குளிசை” என்றார். ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்; நாம் இவ்வளவு எழுதிச் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்.